நாற்காலியும் கொடியும்: சிரிப்பை ரீமேக் செய்வது பற்றிச் சில குறிப்புகள்

போன ஆகஸ்ட் 15. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கிற ஆலையின் கேட் பக்கத்தில் கொடியேற்றம். வரிசை எப்பவும் போலத்தான். முதலில் அலுவலகத்து ஆட்கள், அடுத்தது பெர்மனன்ட் தொழிலாளிகள், அதுக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகக் காண்ட்ராக்ட் ஆட்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. கொடி ஏறியது, லட்டு கொடுத்தார்கள், பின்வரிசைக்கு வரும்போது டப்பா காலி. "இன்னொரு டப்பா வருது, இருங்கப்பா" என்றார் ஹெச்.ஆர். வந்ததா என்று நான் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் கேன்டீனில், எங்கள் பிரிவில் காண்ட்ராக்டில் இருக்கிற ஒரு பையா போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மூலையிலிருந்து வந்தவர். இங்கே ஆறு வருசம். நம் தமிழில் அவருக்கு முக்கால்வாசி கைவசம். எட்டிப் பார்த்தேன். 'பஞ்சாயத்' தொடர்.

"எங்க ஜில்லா சார் இது. ஷூட்டிங் இங்க இல்ல, ஆனா கதை எங்க ஜில்லா."

"இதை நான் தமிழ்ல பார்த்துட்டேன். 'தலைவெட்டியான் பாளையம்'னு எடுத்திருக்காங்க."

"அதுலயும் எல்லாம் பண்டிதருங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விரல் விட்டு எண்ணினார். செயலர் திரிபாதி. பிரதான் துபே. துணைத் தலைவர் பாண்டே. ஆபீஸ் உதவியாளர் சுக்லா. "நாலு பேரும் ஒரே ஜாதி சார். நல்ல சிரிப்பு, நானும் சிரிக்கிறேன். ஆனா எங்க டோலா ஆளுங்க இந்த ஊர்ல எங்க இருக்காங்கன்னு தெரியல."

இந்தத் தொடரை நான் சப்டைட்டிலோடு முழுசா பார்த்தவன். அந்த நாலு பெயரும் எனக்கு வெறும் பெயராகத்தான் காதில் விழுந்திருக்கிறது. அவருக்கு அது ஊர் வரைபடம். ரீமேக் பற்றி எழுதணும் என்று ரொம்ப நாளாக வைத்திருந்த குறிப்புகளை அன்று சாயங்காலம் மீஞ்சூர் திரும்புகிற ரயிலில் எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். இந்தப் பதிவு அதுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. வழக்கமான விளக்கமும் அதன் ஓட்டையும்

பிரிட்டிஷ் சிட்காமையும் அதன் அமெரிக்க ரீமேக்கையும் ஒப்பிடுகிற கட்டுரைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. முக்கால்வாசி ஒரே விளக்கத்தில் போய் முடியும். பிரிட்டிஷ்காரர்களுக்குத் தோற்றுப்போகிறவன் பிடிக்கும், அமெரிக்கர்களுக்கு முன்னேறுகிறவன் பிடிக்கும். அங்கே ஒரு சீசனுக்கு ஆறு எபிசோடு, எழுதுவது ஒருவரோ இருவரோ. இங்கே இருபத்திரண்டு எபிசோடு, எழுத ஒரு அறை நிறைய ஆட்கள். அதனால் அங்கே கசப்பு, இங்கே இனிப்பு.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனா இது எதையும் விளக்கவில்லை. எல்லா அமெரிக்க ரீமேக்கும் இருபத்திரண்டு எபிசோடு கணக்கில்தான் வந்தது. சிலது அந்த நாட்டையே மாற்றியது, சிலது மூணு மாசத்தில் மூட்டை கட்டியது. வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது.

மூணு உதாரணம் பார்ப்போம்.

முதலாவது 'ஸ்டெப்டோ அண்ட் சன்'. பிபிசியில் 1962-இல் ஆரம்பித்தது. ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்சன் எழுதியது. லண்டனில் குதிரை வண்டி ஓட்டிப் பழைய சாமான் பொறுக்குகிற அப்பா, மகன். நம்ம காயலான் கடை கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு மேலே ஏறணும். புத்தகம், நல்ல சங்கீதம், நாகரிகமான சிநேகிதம் எல்லாம் வேணும். அப்பா காலைப் பிடித்து இழுப்பார். ஆனா உண்மையில் இழுப்பது அப்பா இல்லை, வர்க்கம். வாயைத் திறந்தால் உச்சரிப்பிலேயே நீ யார் என்று தெரிந்துவிடுகிற நாடு அது. அந்த மகன் எங்கே போனாலும் காயலான் கடை கூடவே வரும்.

இதை அமெரிக்காவில் 1972-இல் 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' என்று எடுத்தார்கள். அப்பா, மகன், பழைய சாமான் எல்லாம் அப்படியே. ஆனா வீட்டைக் கொண்டுபோய் வைத்த இடம் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி. குடும்பம் கறுப்பினக் குடும்பம். அப்பாவாக ரெட் ஃபாக்ஸ். வாட்ஸ் என்றால் அன்றைய அமெரிக்கருக்கு உடனே 1965 கலவரம் ஞாபகம் வரும். ஏழே வருசம் கழித்து அதே வாட்ஸிலிருந்து ஒரு கிழவர் வாராவாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொய் மாரடைப்பு காட்டி நாட்டைச் சிரிக்க வைத்தார்.

இரண்டாவது 'டில் டெத் அஸ் டூ பார்ட்'. ஜானி ஸ்பைட் எழுதியது. ஆல்ஃப் கார்னெட் என்கிற கிழக்கு லண்டன் தொழிலாளி. கையில் காசு இல்லை, ஆனா ராணிக்கும் கன்சர்வேடிவ் கட்சிக்கும் பக்தன். வெளிநாட்டுக்காரனைக் கண்டால் ஆகாது. 1971-இல் நார்மன் லியர் இதை 'ஆல் இன் த ஃபேமிலி' என்று மாற்றினார். ஆர்ச்சி பங்கர், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி. ராணி போனார், வியட்நாம் போர் வந்தது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்தது. தொடர்ந்து ஐந்து சீசன் அதுதான் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி.

மூன்றாவது தோற்றுப்போனது. 'ஃபால்ட்டி டவர்ஸ்'. மொத்தமே 12 எபிசோடு. ஓட்டல் முதலாளி பேசில், மேல்தட்டு ஆள் வந்தால் காலில் விழுவார், மற்றவர் வந்தால் எரிந்து விழுவார். மொத்தச் சிரிப்பும் அந்த ஏணியில்தான் இருக்கிறது. இதை 1983-இல் அமெரிக்காவில் 'அமாண்டாஸ்' என்று எடுத்தபோது பேசில் பாத்திரத்தையே எடுத்துவிட்டு ஒரு விதவை முதலாளியம்மாவை வைத்தார்கள். நடித்தது பீ ஆர்தர் மாதிரி பெரிய நடிகை. அப்படியும் சில மாதத்தில் கடை மூடியாச்சு. குளறுபடிகளை எல்லாம் கொண்டுவந்தார்கள், ஏணியைக் கொண்டுவரவில்லை. அதற்கு ஈடாக அமெரிக்க ஏணி எதையும் வைக்கவும் இல்லை.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நோகிற இடம் இருக்கிறது. நல்ல சிட்காம் அந்த இடத்தின் மேலே விரலை வைத்துக்கொண்டேதான் சிரிக்க வைக்கும். பிரிட்டனில் அது வர்க்கம். அமெரிக்காவில் நிறம். நல்ல ரீமேக் மூலத்திலிருந்து காட்சிகளை எடுத்துக்கொண்டு, விரலைத் தன் ஊரின் நோகிற இடத்துக்கு நகர்த்தும். மோசமான ரீமேக் விரலை மூலத்தில் இருந்த இடத்திலேயே வைத்திருக்கும். அங்கே இந்த ஊருக்கு வலியே இருக்காது. அதனால் சிரிப்பும் வராது.

2. ஒரே ஆபீஸ், மூன்று ஊர்

இதைச் சோதித்துப் பார்க்க 'த ஆஃபீஸ்' நல்ல இடம். மூலம் 2001-இல் பிபிசியில் வந்தது. காகிதக் கம்பெனியின் ஒரு கிளை. லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ என்கிற ஊர். பெரிய தொழிற்பேட்டைக்குப் பேர் போன இடம். ரயிலில் வேலைக்கு வந்து ரயிலில் திரும்புகிற ஊர். கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு அந்த முகப்புக் காட்சியில் வருகிற ரவுண்டானாவையும் சாம்பல் நிறக் கட்டடத்தையும் பார்த்தால் அந்நியமாகவே தெரியாது.

முதல் எபிசோடிலேயே ஆள்குறைப்புப் பேச்சு வந்துவிடும். மேலாளர் டேவிட் பிரென்ட் ஜோக் அடிப்பதெல்லாம் அந்தப் பயத்தின் மேல் நின்றுகொண்டுதான். இரண்டாவது சீசன் முடிவில் வேலை போவது அவருக்கே. அந்தக் காட்சியில் அவர் கெஞ்சுகிற முகத்தை மறக்கவே முடியாது.

அமெரிக்க வடிவம் 2005-இல். முதல் எபிசோடு மூலத்தின் வசனத்தை ஏறக்குறைய அப்படியே வைத்து எடுத்தது. பெரிசாகப் போகவில்லை. அடுத்த சீசனில் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டைக் கொஞ்சம் மென்மையாக்கினார்கள், அதுக்கப்புறம்தான் பிடித்தது, 201 எபிசோடு போனது. இந்தக் கதை எல்லாரும் சொல்வது. ஆனா நான் கவனிக்கச் சொல்வது முதல் சீசனின் மூணாவது எபிசோடு. அதில் மொத்தப் பிரச்சினையும் ஆபீஸின் மருத்துவக் காப்பீட்டைக் குறைப்பது பற்றி. பிரிட்டனில் இப்படி ஒரு எபிசோடு எழுதவே முடியாது. அங்கே ஆஸ்பத்திரி அரசாங்கத்தோடது, வேலையோடு கட்டிப்போட்டது இல்லை. வேலை போனால் வைத்தியமும் போகும் என்கிற பயம் அமெரிக்காவுக்கே உரியது. விரல் அங்கேதான் முதலில் நகர்ந்தது என்று நினைக்கிறேன். மேலாளரின் மென்மை அப்புறம் வந்தது.

2019 ஜூனில் ஹாட்ஸ்டாரில் இந்தி வடிவம் வந்தது. இடம் ஃபரிதாபாத். டெல்லியை ஒட்டின தொழில் நகரம். ஆசையோடு உட்கார்ந்தேன். நம்ம மாதிரி ஊர் ஒன்று, கேட், ஷிஃப்ட், காண்ட்ராக்டர், மேஸ்திரி எல்லாம் வரும் என்று. வந்தது மைக்கேல் ஸ்காட்டின் இந்தி நிழல். மேலாளராக முகுல் சட்டா நன்றாகத்தான் நடிக்கிறார். ஆனா காட்சிகள் ஏற்கெனவே நமக்குத் தெரிந்த வரிசையில் வந்து போகின்றன.

நம்ம தொழிற்பேட்டைகளில் வேலை போகும் பயம் எங்கே இருக்கிறது? ஏசி அறையில் இல்லை. எட்டு வருசம் ஒரே மெஷினில் நிற்கிறவர், கழுத்தில் தொங்குவது காண்ட்ராக்டர் கொடுத்த கார்டு. கம்பெனி பெயர் அதில் இருக்காது. அவரைப் பற்றின சட்டம் 1970-இல் வந்தது, பெயரிலேயே 'ஒழுங்குபடுத்தலும் ஒழித்தலும்' என்று இரண்டு வார்த்தை. ஐம்பது வருசத்துக்கும் மேலாக முதல் வார்த்தையே இன்னும் முடியவில்லை. இந்த முரணில் எத்தனை சிரிப்பு இருக்கிறது என்று எங்கள் கேன்டீனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். அடிக்கிற ஜோக்கெல்லாம் பெர்மனன்ட், காண்ட்ராக்ட் பற்றித்தான். ஃபரிதாபாத் தொடருக்கு இது அச்சாகவே இல்லை.

3. புலேராவிலிருந்து பாளையத்துக்கு

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். 'பஞ்சாயத்' 2020 ஏப்ரல் 3 அன்று அமேசான் பிரைமில் வந்தது. ஊரடங்கு ஆரம்பித்துப் பத்து நாள். எல்லாரும் வீட்டுக்குள். ஒரு கிராமத்தின் காற்றும் வெளிச்சமும் அப்படி யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. இன்ஜினியரிங் முடித்த நகரத்துப் பையன், வேறு வேலை கிடைக்காமல் பல்லியா மாவட்டத்தில் புலேரா என்கிற ஊரில் பஞ்சாயத்துச் செயலராகப் போகிறான். சம்பளம் 20,000 ரூபாய். தலைவர் மஞ்சு தேவி, பெண்களுக்கான இடஒதுக்கீட்டில் ஜெயித்தவர். ஆனா ஊரை ஆள்வது அவர் புருசன். நீனா குப்தாவும் ரகுபீர் யாதவும் அந்த ஜோடி. சந்தன் குமார் எழுத்து, தீபக் குமார் மிஸ்ரா இயக்கம்.

அது நல்ல தொடர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சத்தமே இல்லாமல் சிரிக்க வைக்கும். எழுத்தாளர்களின் விரல் இரண்டு இடத்தில் இருந்தது. படித்தும் வேலை இல்லாத பையன், பதவி இருந்தும் அதிகாரம் இல்லாத பெண். இரண்டும் வடக்கே நிஜமாக நோகிற இடங்கள்.

தமிழ் வடிவம் 2024 செப்டம்பர் 20. 'தலைவெட்டியான் பாளையம்', எட்டு எபிசோடு. பாலகுமாரன் முருகேசன் எழுத, இயக்கியவர் நாகா. 'மர்மதேச'த்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் போதும். 'ரமணி vs ரமணி'யும் அவரோடதுதான். தமிழ்த் தொலைக்காட்சியில் சிட்காம் என்கிற வடிவத்துக்கு உருப்படியாக உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். தலைவராகவும் புருசனாகவும் தேவதர்ஷினி, சேத்தன். 'விடாது கருப்பு' காலத்திலிருந்து நாம் பார்க்கிற முகங்கள். செயலர் சித்தார்த்தாக அபிஷேக் குமார். நடிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தேவதர்ஷினி ஒரு பார்வையில் முடிக்கிற வேலைக்கு மற்றவர்களுக்கு அரைப் பக்க வசனம் வேணும்.

ஆனா மூலத்தின் கதையோட்டத்தை இது பெரிதும் அப்படியே பின்தொடர்கிறது. இங்கேதான் அந்த பையாவின் கேள்வி திரும்ப வருகிறது.

இந்தியில் பெயரைச் சொன்னதும் சாதி வந்துவிடும். துபே, திரிபாதி, பாண்டே, சுக்லா. தொடர் சாதியைப் பற்றி வாயே திறக்காது, ஆனா பெயர்கள் பேசிவிடும். பார்க்கத் தெரிந்தவர் பார்த்துக்கொள்வார். தமிழில் நாம் சாதிப் பின்னொட்டை விட்டு ரொம்ப வருசம் ஆச்சு. அது நம் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனா ரீமேக்கில் அதனால் ஒன்று நடக்கிறது. சித்தார்த், மீனாட்சி சுந்தரம் என்று பெயர் வைத்ததும், மூலத்தில் மௌனமாகவாவது இருந்த அந்தக் குறி அழிந்துபோகிறது. வடக்கே தொடர் பேசாமல் இருந்தது. இங்கே பேசாமல் இருப்பதே தெரியாமல் போகிறது. ஓரத்தில் எது தொட்டுப் போனாலும், அச்சு நகரத்துப் பையனின் தவிப்புதான்.

"அதனால் என்ன, சிரிப்புத் தொடர்தானே?" என்பீர்கள். இரண்டு பொருளை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஒன்று நாற்காலி, இன்னொன்று கொடி.

4. நாற்காலி

'பஞ்சாயத்' மூலத்தில் மூணாவது எபிசோடு ஒரு நாற்காலி பற்றி. செயலர் தன் ஆபீஸுக்குச் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி வாங்குகிறார். பிரதானின் நாற்காலியைவிட அது ஒசத்தி. பிரதானுக்கு உறுத்துகிறது. அப்புறம் ஊருக்கு வந்த கல்யாண மாப்பிள்ளை அந்த நாற்காலிதான் வேணும் என்று அடம் பிடிக்கிறார். அருமையான நகைச்சுவை. யார் எதில் உட்காருவது என்பது கௌரவப் பிரச்சினை, அவ்வளவுதான்.

அந்தத் தொடர் வந்த அதே 2020, அக்டோபர் மாதம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண், கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிற படம் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில். பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

தமிழ்நாட்டு ஊராட்சி ஆபீஸில் நாற்காலி என்றால் இந்தப் படமும் சேர்ந்துதான் வரும். மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளை 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினார்கள். பத்து வருசம் தேர்தல் நடக்காமலோ, ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தோ, அந்த நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. 2006-இல்தான் ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலிக்குப் பத்து வருசம். நம் மொழியில் 'நாற்காலிச் சண்டை' என்று சொல்லும்போது வேடிக்கையாக இருக்கிறது இல்லையா? அந்த வேடிக்கை யாருக்கு, யாருக்கு இல்லை என்பதுதான் நம்ம ஊரின் நோகிற இடம்.

5. கொடி

இன்னும் கிட்ட வரலாம். 'பஞ்சாயத்' முதல் சீசனின் கடைசி எபிசோடு குடியரசு தினம். மாவட்ட ஆட்சியர் வருகிறார். பெண் தலைவர்தான் கொடியேற்றணும், புருசன் இல்லை. மஞ்சு தேவிக்கு தேசிய கீதம் முழுசாகத் தெரியாது. அவரைக் கற்றுக்கொள்ள வைக்கிற பாடும், கடைசியில் அவர் தட்டுத் தடுமாறிப் பாடுவதும்தான் கதை. சிரித்துக்கொண்டே கண் கலங்குவோம். அந்த சீசனின் சிறந்த எபிசோடு என் கணக்கில் அதுதான்.

அதே 2020 ஆகஸ்ட் 15. இடம் கும்மிடிப்பூண்டி ஒன்றியம், ஆத்துப்பாக்கம் ஊராட்சி. நான் வேலை பார்க்கிற அதே ஒன்றியம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். சுதந்திர தினத்தன்று கொடியேற்ற அவரை விடவில்லை. செய்தி வெளியே வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியரே போலீஸ் எஸ்.பி.யோடு நேரில் வந்தார். ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதை ஒன்றுதான். ஒரு பெண் தலைவர், ஒரு கொடிக்கம்பம், வந்து இறங்குகிற ஆட்சியர், கடைசியில் ஏறுகிற கொடி. ஏப்ரலில் கற்பனையாக வந்தது, ஆகஸ்டில் எங்கள் பக்கத்து ஊரில் நிஜமாக நடந்தது. ஒரே ஒரு வித்தியாசம். புலேராவில் தடை, தலைவருக்குப் பாட்டு தெரியாதது. ஆத்துப்பாக்கத்தில் தலைவரிடம் எந்தக் குறையும் இல்லை. குறை எல்லாம் கம்பத்தைச் சுற்றி நின்றவர்களிடம்.

இது ஒரு ஊர்ப் பிரச்சினையும் இல்லை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதவேண்டி வந்தது: பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதுக்கு இரண்டு வருசம் கழித்துத்தான் தமிழ் ரீமேக் வந்தது.

நார்மன் லியர் கையில் இந்தக் கதை கிடைத்திருந்தால் என்று யோசிக்கிறேன். அவர் செய்தது இதைத்தான். பிரிட்டிஷ் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டார். நம் ஊரில் இந்தக் காட்சி நடந்தால் எது உறுத்தும் என்று ஒரே கேள்வி கேட்டார். நம்மவர்கள் எலும்புக்கூட்டை எடுத்தார்கள். இந்தக் கேள்வி அவர்கள் மேசைக்கு வந்ததா என்பது திரையில் தெரியவில்லை.

6. முடியாது என்று சொல்ல முடியாது

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற தொடரில் சாதியைக் கொண்டுவந்தால் சிரிப்பு செத்துப்போகும், இல்லை சண்டை வரும். ஓடிடி நிறுவனங்களுக்கும் பயம் இருக்கும். இதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. அந்தப் பயம் நிஜம்.

'மாமன்னன்' (2023) பாருங்கள். மாரி செல்வராஜ் அந்தப் படத்தில் கையில் எடுத்தது அதே நாற்காலியைத்தான். எம்எல்ஏவாகவே ஆனாலும் கட்சிப் பெரும்புள்ளி முன்னால் உட்காராத மனிதர். அந்த வேடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது தமிழகத்தின் மிகப் பெரிய நகைச்சுவை நடிகர் வடிவேலுவை. ஆனா படத்தில் அவர் சிரிக்க வைக்கவே இல்லை. அது சரியான முடிவு, படத்தின் பலமே அதுதான். ஆக, சாதி வந்த நாற்காலியில் சிரிப்பு இல்லை, சிரிப்பு வந்த நாற்காலியில் சாதி இல்லை. இரண்டும் சேரவே சேராது என்றுதான் தோணும்.

சேரும். 'மண்டேலா' (2021) சேர்த்துக் காட்டியிருக்கிறது. மடோன் அஷ்வினின் முதல் படம். ஊராட்சித் தேர்தல், இரண்டு சாதிப் பிரிவு, சரிசமமாக ஓட்டு, நடுவில் ஊரே ஏவி வேலை வாங்குகிற ஒரு முடிதிருத்துபவர். அவருடைய ஒரு ஓட்டு முடிவு செய்யும். யோகி பாபு. வீட்டில் என் மாமனார், மனைவி, பையன் எல்லாரும் சேர்ந்து டிவியில் பார்த்தோம். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தோம், ஒவ்வொரு சிரிப்புக்கும் அப்புறம் ஒரு நொடி யாரும் பேசவில்லை. படம் சிறந்த அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்கும் தேசிய விருது வாங்கியது.

அதனால் 'நம்ம ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க' என்கிற பேச்சு நிற்காது. 'ஆல் இன் த ஃபேமிலி' வந்தபோதும் இதே பேச்சுதான். முதல் எபிசோடுக்கு முன்னால் எச்சரிக்கை அறிவிப்பு போட்டுத்தான் ஒளிபரப்பினார்கள். அப்புறம் அதுதான் நாட்டில் முதலிடம்.

ரீமேக்கில் வேறு ஒரு பிரச்சினை இருக்கிறது என்று நினைக்கிறேன். சொந்தமாக எழுதுகிறவனுக்கு நோகிற இடத்தைத் தேடித்தான் ஆகணும், வேற வழியில்லை. ரீமேக் செய்கிறவனுக்கு ஏற்கெனவே சிரித்த காட்சி கையில் இருக்கிறது. ஜெயித்தது ஏன் ஜெயித்தது என்று கேட்காமலே எடுத்துவிடலாம். 'அமாண்டாஸ்' அப்படித்தான் போனது, ஃபரிதாபாத் ஆபீஸும் அப்படித்தான். 'தலைவெட்டியான் பாளையம்' அந்த அளவுக்கு மோசம் கிடையாது, நாகாவின் கையும் நடிகர்களும் அதைக் காப்பாற்றுகிறார்கள். ஆனா அது பார்த்து முடித்த மறுநாள் மறந்துபோகிறது. மண்டேலாவின் ஓட்டு மறக்கவில்லை.

7. பின்வரிசை

பையாவிடம் போன வாரம் ஆத்துப்பாக்கம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தங்கியிருக்கிற லைன் வீட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை அந்த ஊர். அவருக்குத் தெரியாது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கலெக்டர் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"அப்போ கொடி ஏத்தினாங்களா?"

"ஏத்தினாங்க."

"இதையே எடுத்திருக்கலாமே சார். இதுலயும் சிரிக்க நிறைய இருக்கே. ஏத்த விடாத ஆளு, கலெக்டர் கார் வந்ததும் அவன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்?"

இருபத்திரண்டு எபிசோடு, ஆறு எபிசோடு, தோல்வி, நம்பிக்கை என்று நான் வருசக்கணக்கில் எழுதிவைத்த குறிப்புகளில் இல்லாத ஒன்றை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். கேமராவை எங்கே திருப்புவது என்பதுதான் கேள்வி. பாட்டு தெரியாமல் தடுமாறுகிற பெண் முகத்துக்கா, அவரைத் தடுத்துவிட்டு ஆட்சியர் கார் சத்தம் கேட்டு அசடு வழிகிற முகத்துக்கா? முதலாவதைப் பார்த்து நாம் ஏற்கெனவே சிரித்தாச்சு. இரண்டாவது முகத்தை நம் சிட்காம் இன்னும் எடுக்கவில்லை.

அந்த லட்டு டப்பா பற்றியும் கேட்டேன். இரண்டாவது டப்பா வந்ததாம். பாதி ஆட்கள் அதுக்குள் ஷிஃப்டுக்குப் போயிட்டாங்களாம். "அதையும் எழுதுங்க சார்" என்றார். எழுதிவிட்டேன்.